பாட்டில் அடங்காத வேலை

2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை மாலை, திருவாதவூருக்குக் கிழக்கே உள்ள பூவிலுப்பேந்தல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் பதினொரு பேர் ‘எங்க ஊரு’ என்ற பாட்டைப் பாடினார்கள்.

பாட்டை எழுதியவர் அவர்களுடைய ஆசிரியர் தாமரைச்செல்வி. நாற்பத்தொரு வயது. பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். இப்போது மதுரையில், கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்புறத் தெரு ஒன்றில் மாடி வீட்டில் குடியிருந்தார். காலையில் சிக்னலைக் கடந்து பஸ் ஏறி, ஒத்தக்கடை, திருமோகூர் வழியாக வாதவூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கு வருவார். இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

சமூக அறிவியலைப் பாட்டாக நடத்தும் பழக்கம் அவருக்கு ஒரு தோல்வியில்தான் தொடங்கியது. ஊராட்சி, அதைச் சுற்றி ஒன்றியம், அதைச் சுற்றி மாவட்டம் என்று கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து காட்டியபோது, முன் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், இது வெங்காயமா?” என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான். அன்று இரவு அவர் நான்கு வரி எழுதினார்.

வீடு சேந்தா தெருவாகும் – தெரு
வரிசை சேந்தா ஊராகும்
ஊரு சேந்தா ஊராட்சி – அதுல
ஓட்டுப் போட்டா நம்மாட்சி.

ஒரு வாரம் கழித்துப் பெண் பிள்ளைகள் இந்த நான்கு வரிக்குக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். வெங்காயமா என்று கேட்டவன் ஊராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் வித்தியாசம் சொன்னான். அதன் பிறகு திசைகளுக்குப் பாட்டு, கண்மாய்க்கும் மடைக்கும் பாட்டு, தபால் போகும் வழிக்குப் பாட்டு என்று வரிசையாக வந்தன. வாட்ஸ்அப் குழுவில் மற்றப் பள்ளி ஆசிரியர்கள் வீடியோ கேட்டார்கள். தலைமையாசிரியர் அருள்பாண்டி, பார்வைக்கு வரும் அதிகாரிகளை முதலில் மூன்றாம் வகுப்புக்குத்தான் அழைத்துவருவார். தாமரைச்செல்விக்கு இதில் பெருமை இருந்தது. மறைக்கக்கூடிய அளவு சின்னப் பெருமை இல்லை அது.

ஜனவரியில், நமக்கு உதவுவோர் பற்றிய பாடம் வந்தது. ஆளுக்கு இரண்டு வரி, அவரவர் வீட்டு வேலையைப் பற்றி, அவரவரே பாடுவது என்று திட்டம். ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிக் கேட்டார். நடவுக்குப் போகும் அம்மா இருந்தார். அதற்கு, ‘எங்கம்மா நாத்து நட்டா ஏந்தலெல்லாம் பச்சையாகும்’ என்று எழுதினார். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவர் மகனுக்கு, ‘எங்கப்பா டீய ஆத்துனா எட்டு மணி பஸ்ஸு நிக்கும்’ என்று எழுதினார். அந்த வரியைக் கேட்டதும் வகுப்பே எழுந்து குதித்தது.

கடைசியாக எழுந்தவள் தமிழ்வாணி. வகுப்பில் நல்ல குரல் அவளுடையது. காலனித் தெருவிலிருந்து வருகிறவள்.

“எங்கப்பா டயாலிசிஸ் டெக்னீஷியன், டீச்சர்” என்றாள், ஓர் எழுத்திலும் தடுக்காமல்.

“ஆத்தாடி, எம்புட்டு நீளம்! இத எங்கிட்டுப் போட்டுப் பாட்டுல அடைக்கிறது? பாட்டுக்கே மூச்சு முட்டிரும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். தமிழ்வாணியும் சிரித்தாள்.

“ஒனக்கு டீச்சர் வேற ஒன்னு வச்சிருக்கேன்” என்றார் தாமரைச்செல்வி. “எல்லாத்தையும் விட நல்ல வரி.”

அந்த வரி இரண்டு நாளுக்கு முன்பே அவரிடம் தயாராக இருந்தது. பள்ளிக்கு வந்த புதிதில், ஊரைச் சுற்றிக் காட்டியபோது, தலைமையாசிரியர் காலனித் தெருவைக் கைகாட்டி, “இவுக முந்தி கொட்டுக்காரவுக” என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான் சொன்னார். தாமரைச்செல்வியும் அதற்கு மேல் கேட்கவில்லை. போன வருடம் மதுரையில் அக்காள் மகளுடைய கல்லூரி விழாவுக்குப் போயிருந்தபோது, ஒரே நிறச் சட்டை போட்ட மாணவர்களும் மாணவிகளும் பறை அடித்து அரங்கத்தையே எழுந்து நிற்கவைத்ததைப் பார்த்திருந்தார். அப்போது அவருக்குக் கண் கலங்கியது. அந்தத் தெருப் பிள்ளை தலை குனியாமல் இதைப் பாட வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினார்.

எங்க தாத்தா பறையெடுத்தா ஏழு ஊரு எழுந்து வரும்
சாமிக்கும் அதே தாளம் சாவுக்கும் அதே தாளம்.

மற்றப் பத்துப் பேரும் அப்பாவையோ அம்மாவையோ பாடினார்கள். தமிழ்வாணி மட்டும் தாத்தாவைப் பாடினாள். அவளுடைய தாத்தா கருப்பு உயிரோடு இருந்தார், பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

விழா அன்று மைதானத்தில் சீரியல் லைட் போட்டிருந்தார்கள். பந்தலும் நாற்காலிகளும் முன்னாள் ஊராட்சித் தலைவர் நல்லகாமனின் உபயம். அவர் முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். தமிழ்வாணியின் அப்பா ராஜபாண்டி மதுரையில் வேலை முடிந்து நேராக வந்து, நாற்காலி கிடைக்காமல், பைக்கோடு பின்னால் வேப்பமரத்தடியில் நின்றார். மகளைப் படம் எடுப்பதற்காகச் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

தமிழ்வாணியின் முறை வந்தது. கணீரென்று பாடினாள். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, ‘எழுந்து வரும்’ என்கிற இடத்தில் இரண்டு கையையும் தூக்கினாள். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

பாட்டு முடிந்ததும் நல்லகாமன் மேடையேறி மைக்கை வாங்கினார்.

“நல்ல பாட்டு. டீச்சருக்கு ஒரு கைய தட்டுங்கப்பா. ஆனா ஒரு நாயம் கேக்கணும். நம்மூர்ல ஒரு சாவு விழுந்தா கொட்டுக்கு மேலூருக்கு வண்டி அனுப்புறோம். இம்புட்டு வருசமா அனுப்புறோம். இங்கனக்குள்ளயே ஏழு ஊர எழுப்புற கொட்டு இருக்காம்ல! புள்ளையே சொல்லிருச்சு. இனி எதுக்குய்யா மேலூரு?”

முன் வரிசை சிரித்தது. “அப்பிடிப் போடுண்ணே!” என்று யாரோ கத்தினார்கள். மேடை ஓரத்தில் நின்ற தாமரைச்செல்வியும் சிரித்தார். தன் பாட்டுக்குக் கிடைத்த பாராட்டு என்றுதான் அவர் அதை எடுத்துக்கொண்டார். தலைமையாசிரியர் சிரிக்காமல் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது அப்போதே கண்ணில் பட்டது. அது ஏன் என்று யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தமிழ்வாணி அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், நான் நல்லாப் பாடலையா?”

“ஒன்ன மாதிரி யாரு பாடுனா? ஏன் கேக்குற?”

“அப்பா அந்த வீடியோவ அழிச்சிட்டாக டீச்சர். நான் பாக்கணும்னு கேட்டேன். இல்லைன்னுட்டாக.”

செல்போனில் இடம் இல்லாமல் இருக்கும் என்று தாமரைச்செல்வி சொன்னார். சொல்லும்போதே அது அப்படி இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் ராஜபாண்டி பள்ளிக்கு வந்தார். முப்பத்து நான்கு வயது. மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை. தலைமையாசிரியர் அறையில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

“புள்ளைக்கு டிசி வேணும் சார்.”

அருள்பாண்டி தாமரைச்செல்வியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் உள்ளே வந்ததும் ராஜபாண்டி வணக்கம் சொன்னார்.

“ஒன்னே ஒன்னு கேக்கணும் டீச்சர். நான் என்ன வேலை பாக்குறேன்னு எம்புள்ள ஒங்ககிட்டச் சொன்னாளா, சொல்லலையா?”

“சொன்னா, சார்.”

அந்தத் தெருவிலிருந்து வந்த எந்தப் பெற்றோரையும் தாமரைச்செல்வி அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அது இப்போதுதான் அவருக்கே காதில் விழுந்தது.

“அப்புறம் ஏன் டீச்சர்?”

“பாட்டுல... அந்த வார்த்தை வரல.”

மின்விசிறிக் காற்றில் மேசையிலிருந்த தாள்கள் படபடத்தன. அருள்பாண்டி அவற்றின் மேல் ஒரு டஸ்டரை எடுத்து வைத்தார்.

“ஞாயித்துக்கெழம நல்லகாமனோட பெரியம்மா இறந்துபோச்சு. தெரியும்ல?” என்றார் ராஜபாண்டி. “நான் டூட்டிக்குப் போயிட்டேன். ரெண்டு பயலுக பைக்குல எங்க வீட்டுக்கு வந்திருக்காய்ங்க. வண்டியக்கூட ஆஃப் பண்ணல. ‘கொட்டுக்கு வாய்யா’ன்னு எங்கப்பாவக் கூப்பிட்டுருக்காய்ங்க. வரலைன்னதுக்கு, ‘பேத்தி மைக்கு போட்டுப் பாடுறா, தாத்தாவுக்கு மட்டும் வலிக்குதோ’ன்னு கேட்டுருக்கான் ஒருத்தன். எங்கப்பா கதவச் சாத்திக்கிட்டாரு. நேத்து பூராம் சாப்பிடல.”

“அவுக இப்ப கொட்டு அடிக்கிறது இல்லையா?” என்று கேட்டார் தாமரைச்செல்வி.

ராஜபாண்டி தலைமையாசிரியரைப் பார்த்தார். “நீங்க சொல்லலையா சார்?”

“முந்தி அடிச்சாகன்னு மட்டும் சொன்னேன்” என்றார் அருள்பாண்டி.

“தொண்ணூத்தெட்டுல நிறுத்துனாக டீச்சர். நான் அப்ப இதே பள்ளிக்கூடத்துல ரெண்டாவது. எங்கப்பாவும் இன்னும் நாலு பேரும் எல்லாக் கொட்டையும் கம்மா மடைகிட்டக் கொண்டுபோயி வச்சுக் கொளுத்துனாக. இனி ஊருச் சாவுக்கு வரமாட்டோம்னாக. ரெண்டு வெள்ளாமைக்கு எங்க தெருவுக்கு ஒருத்தரும் வேலை குடுக்கல. கடையில சாமான் குடுக்கல. ஒத்தக்கடைச் செங்கச் சூளையில போயிக் கல்லு அறுத்துத்தான் எங்களக் காப்பாத்துனாக. அம்புட்டுக்கும் அப்புறந்தான் வாசல்ல வந்து கூப்பிடுறது நின்னுச்சு. எங்கப்பா சம்பாதிச்சது அது ஒன்னுதான்.”

தாமரைச்செல்வி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். “நான் கேவலமா நெனச்சு எழுதல சார். இப்பல்லாம் காலேஜ் மேடையில, எல்லா எடத்துலயும் பறையத்தான்...”

“மேடையில அடிக்கிறவுக வீட்டு வாசல்ல யாரும் பைக்க நிறுத்துறதில்ல டீச்சர்.”

ராஜபாண்டி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாமரைச்செல்விக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது, நடுவில் எடுத்தால் பிள்ளைக்குத்தான் சிரமம், அதுவரை பொறுங்கள் என்று அருள்பாண்டி கேட்டுக்கொண்டார். ராஜபாண்டி சற்று யோசித்தார்.

“சரி சார். ஏப்ரல் வரைக்கும். அதுக்குள்ள டீச்சர் ஒன்னு செய்யட்டும். எங்க வச்சுப் பாடுனாகளோ அங்க வச்சு, யாருக்கு முன்னாடி பாடுனாகளோ அவுகளுக்கு முன்னாடி, அது பொய்யின்னு சொல்லட்டும். சொல்லிட்டா நான் டிசி கேக்கல. அவளுக்கும் இந்த டீச்சரத்தான் புடிச்சிருக்கு.”

தாமரைச்செல்வி சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில், ஒத்தக்கடையில் திரும்பித் திருமோகூர் வருவதற்குள் புது வரிகள் அவருக்கு வந்துவிட்டன.

எங்கப்பா மெசினப் போட்டா கெட்ட ரத்தம் நல்லதாகும்
எழும்பாமக் கெடந்த ஆளு நடந்து போயி பஸ்ஸு ஏறும்.

டயாலிசிஸ் என்ற சொல்லே அதற்குத் தேவைப்படவில்லை. அந்த வேலை என்ன என்று மட்டும் கேட்டிருந்தால் போதும். ஜனவரியில் தமிழ்வாணியிடம், “அப்பா அங்க என்னம்மா செய்வாரு?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவளே சொல்லியிருப்பாள். டீக்கடைக்காரர் மகனிடம் அவர் எத்தனையோ கேள்வி கேட்டிருந்தார். எந்த பஸ் நிற்கும், டிரைவர் சர்க்கரை போட்டுக் குடிப்பாரா என்பது வரை கேட்டார். பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இதை நினைத்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது. பக்கத்தில் இருந்தவள், “என்னக்கா, காய்ச்சலா?” என்று கேட்டாள்.

வகுப்பில் புது வரிகளைச் சொல்லிக்கொடுத்தார். தமிழ்வாணி அன்றைக்கே பாடிவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் பாடினார்கள். பழைய வரியை இனி யாரும் பாடக்கூடாது என்று தாமரைச்செல்வி சொன்னார்.

அன்று மத்தியானம் சத்துணவு வரிசையில் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்புப் பையன்கள் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து அடித்துக்கொண்டே பாடினார்கள். ‘ஏழு ஊரு எழுந்து வரும், ஏழு ஊரு எழுந்து வரும்.’ தமிழ்வாணி வந்து தட்டை நீட்டியதும், “ஏய், கொட்டு வந்துருச்சுடா, எந்திரிங்கடா!” என்றான் ஒருவன். எல்லாரும் எழுந்தார்கள். தமிழ்வாணி சோற்றை வாங்காமல் வகுப்புக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தாமரைச்செல்வி அந்தப் பையன்களை நிறுத்தி வைத்துக் கண்டித்தார். மறுநாள் தட்டு அடிக்காமல் பாடினார்கள். அதற்கு மறுநாள் பாடாமல், அவளைப் பார்த்ததும் இரண்டு கையை மட்டும் தூக்கினார்கள். பாட்டாகச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள் என்று மூன்று ஆண்டாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிவந்தவர் அவர்தான்.

ராஜபாண்டி வேலை பார்த்த தனியார் மருத்துவமனை கோரிப்பாளையம் சிக்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. தாமரைச்செல்வி தினமும் அதைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போனார். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில், இரவு டூட்டி முடித்து எதிர்க் கடையில் ராஜபாண்டி டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, சாலையைக் கடந்து போனார்.

“சார், புதுசா எழுதிருக்கேன். பிள்ளைகளுக்கும் சொல்லிக்குடுத்துட்டேன்.”

“வாணி பாடிக் காமிச்சா.” ராஜபாண்டி கடைக்காரரிடம், “பாய், டீச்சருக்கு ஒரு டீ” என்றார். பிறகு, “நல்லாருக்கு டீச்சர். பேசண்டு ஒருத்தருகிட்டச் சொன்னேன், அவரு சிரிச்சுட்டாரு. பஸ்ஸு எங்க, ஆட்டோதான் ஏற முடியுதுன்னாரு.”

தாமரைச்செல்வி டீயைக் கையில் வைத்திருந்தார்.

“இத மொதல்லயே எழுதிருக்கலாம்ல டீச்சர்?”

“எழுதிருக்கலாம்.”

“வகுப்புக்குள்ள பாடுனா போதாது” என்றார் ராஜபாண்டி. “கேட்டவய்ங்க வகுப்புக்குள்ள இல்ல.”

டீச்சரை டீக்குப் பணம் கொடுக்க அவர் விடவில்லை.

மார்ச் கடைசியில் கிராம சபைக் கூட்டம் பள்ளி மைதானத்திலேயே நடக்கும் என்று அறிவித்தார்கள். அதே இடம், அதே ஆட்கள். தாமரைச்செல்வி அங்கே பேசப் போவதாகத் தலைமையாசிரியரிடம் சொன்னார்.

“வேணாம் டீச்சர்” என்றார் அருள்பாண்டி. “தண்ணிக்குழாய், நூறு நாள் வேலைன்னு பேசுற எடம். அங்க போயி இதக் கிண்டுனா அது வேற மாதிரி ஆகும். நீங்க பேசிட்டுச் சாயங்காலம் பஸ்ஸேறி மதுரைக்குப் போயிருவீக. நல்லகாமன் ஒரு வார்த்த சொன்னா ஊர்ப்புள்ளைக பூராம் வேன் ஏறி வேற பள்ளிக்கூடம் போயிரும். அம்பத்திரண்டு புள்ளைகள வச்சுக்கிட்டுத்தான் இந்தப் பள்ளிக்கூடம் நிக்குது.”

“நான் ஒத்துக்கிட்டேன் சார்.”

“ஒத்துக்கிட்டீக. அப்பப் பாத்துச் சொல்லுங்க. சூதானமாச் சொல்லுங்க.”

சொல்ல வேண்டியதை அவர் மூன்று வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டார். முதல் வாக்கியம்: ஆண்டு விழாவில் தமிழ்வாணி பாடிய வரி பொய், அவள் அப்பா டயாலிசிஸ் டெக்னீஷியன். இரண்டாவது: பிள்ளை என்னிடம் உண்மையைச் சொன்னாள், நான்தான் கேட்காமல் வேறு எழுதினேன். மூன்றாவது: அந்தத் தெருவில் யாரும் அந்த வேலை செய்யவில்லை, என் பாட்டைச் சாக்காக வைத்து யாரும் அவர்கள் வாசலில் போய்க் கொட்டுக்குக் கூப்பிடக் கூடாது. வீட்டுக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். மூன்றும் வந்தன.

கூட்டத்தில் நூறு பேர் இருப்பார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை வாசித்தார். நல்லகாமன் அன்றும் முன் வரிசையில்தான் இருந்தார். காலனித் தெரு ஆட்கள் வழக்கம்போல் இடது பக்கம், சுவர் நிழலில். அங்கே தமிழ்வாணியின் தாத்தா கருப்பு, துண்டை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் ஊர்க் கூட்டத்துக்கு வருவதில்லை என்று சொல்வார்கள். அன்று வந்திருந்தார்.

குழாய்த் தகராறு முடிந்ததும் செயலர், “டீச்சர் ஏதோ பேசணும்னாங்க” என்றார்.

தாமரைச்செல்வி எழுந்தார். மைக்கைக் கையில் வாங்கியதும் அது கூவியது. சிறுவர்கள் சிரித்தார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம். ஆண்டு விழாவுல பிள்ளைங்க பாடின பாட்டுல ஒரு சின்னப் பிழை இருந்துச்சு.”

பிழை என்றும், சின்ன என்றும் சொல்வதாக அவர் நினைத்திருக்கவில்லை. பொய் என்பதுதான் அவர் மனப்பாடம் செய்த சொல்.

“தமிழ்வாணியோட அப்பா ராஜபாண்டி சார், மதுரையில டயாலிசிஸ் டெக்னீஷியனா இருக்காங்க. கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு மெசின் வச்சு ரத்தத்தச் சுத்தம் பண்ற வேலை. பிள்ளை அத என்கிட்டச் சொன்னா. நான்தான் சரியாக் கேட்டுக்கல.”

“அட, பாட்டுதான டீச்சர்!” என்றார் நல்லகாமன், உட்கார்ந்தபடியே. குரலில் பகை எதுவும் இல்லை. “நல்லாத்தான இருந்துச்சு. புள்ளைக பாடுனதுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுக்கிட்டு. அப்பன் மெசின் ஓட்டுனா என்ன, தாத்தன் கொட்டு அடிச்சது அடிச்சதுதான? நீங்க எழுதுனதுல என்ன தப்பு?”

சிலர் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் தாமரைச்செல்வியைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள், சித்தப்பாக்கள். கடைசி வாக்கியம் மட்டும் மிச்சமிருந்தது. அது அவர் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பதில் வரும், அந்தப் பதிலுக்கு இன்னொரு பதில் அவரிடம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவுதான் சொல்ல வந்தேன். நன்றி” என்று மைக்கைச் செயலரிடம் கொடுத்தார்.

செயலர் அடுத்த தீர்மானத்துக்குப் போனார். சுவர் ஓரத்தில் கருப்பு எழுந்து, துண்டை உதறி, தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். தாமரைச்செல்வியின் பக்கம் அவர் திரும்பவில்லை. அவர் போவதைத் தாமரைச்செல்வி பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் போய்க் கூப்பிடலாம் என்று நினைத்தார். கூப்பிட்டால் அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை என்பது தெரிந்து உட்கார்ந்தே இருந்தார்.

சாயங்காலம் அருள்பாண்டி, “பக்குவமாச் சொன்னீக டீச்சர். யாரு மனசும் நோகல” என்றார். ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகும் அந்தப் பாராட்டு அவர் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் தமிழ்வாணி வகுப்புக்கு வந்தாள். வீட்டில் என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வரைபடத்தில் வைகை ஆற்றைக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டினாள். அதற்கு ஒரு பாட்டு இருந்தது. அவள் பாடாமல் விரலை மட்டும் வைத்துக் காட்டினாள்.

தேர்வு முடிந்த மறுநாள் ராஜபாண்டி வந்தார். தாமரைச்செல்வி வராந்தாவில் நின்றார்.

“சொன்னீகன்னு அப்பா சொன்னாரு” என்றார் ராஜபாண்டி. “பாதி சொன்னீகன்னும் சொன்னாரு.”

“இன்னொரு தடவ நான்...”

“வேணாம் டீச்சர். ஒங்களுக்கும் இங்க வேலை பாக்கணும்ல.”

தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நடத்தை என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார். தமிழ்வாணி பைக்கில் அப்பாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து டீச்சருக்குக் கையசைத்தாள்.

ஜூன் மாதம் அவள் ஒத்தக்கடையில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்ந்தாள். பூவிலுப்பேந்தல் பள்ளியில் நமக்கு உதவுவோர் பாடத்தைத் தாமரைச்செல்வி அந்த ஆண்டு புத்தகத்தில் இருந்தபடியே வாசித்து நடத்தினார். ஆகஸ்டில் ஊரில் ஒரு சாவு விழுந்தது. இரண்டு பேர் பைக்கில் கருப்புவின் வாசலுக்குப் போய்க் கேட்டார்கள். அவர் வரவில்லை. அதன் பிறகு மேலூருக்கு வண்டி அனுப்பினார்கள்.